தீவகத்துப் பழைய பி.எம்.டபிள்யு: வம்சம், தீன், வைத்தியம், காப்புறுதி பற்றிய ஓர் ஆராய்ச்சி

பழைய பி.எம்.டபிள்யு வைத்திருத்தல் என்பது, ஒரு காரை அதன் பெறுமதிக்கு மிஞ்சிய செலவில், ஓடும் நாட்களைவிட நிற்கும் நாட்கள் கூடுதலாக, விற்க மனமின்றிப் பேணி வரும் நடத்தையைக் குறிக்கும். சேர்மனி, பிரித்தானியா, கனடா முதலிய நாடுகளில் இந்நடத்தை பொழுதுபோக்கு என வகைப்படுத்தப்பட்டுள்ளது. யாழ்ப்பாணத் தீவகத்தில் அது பொழுதுபோக்காகத் தொடங்கவில்லை. வேறு கார் வாங்க வழியில்லாமற் தொடங்கியது. பொழுதுபோக்கு என்ற பெயர் பின்னாளில், பெரும்பாலும் விமானத்தில், வந்து சேர்ந்தது.

புங்குடுதீவு மடத்துவெளியை ஆய்வுக்களமாகக் கொள்ளத் தக்க காரணம் உண்டு. ஒரு கார் தன் வாழ்நாளில் எதிர்கொள்ளக்கூடிய சோதனைகளான உப்புக் காற்று, சவர்த் தண்ணீர், கடலை ஊடறுக்கும் தாம்போதி, நகரத்தில் மட்டும் கிடைக்கும் உதிரிப்பாகம், வெளிநாட்டில் மட்டும் கிடைக்கும் உரிமையாளர் ஆகிய ஐந்தும் இங்கே ஒருங்கே அமைந்துள்ளன. பிற களங்களில் இவற்றுள் இரண்டோ மூன்றோதான் கிடைக்கும்.

இவ்விடத்தில் ஒரு தடை எழும். தீவகத்து வளவுகளில், கிடுகுக் கொட்டிலின் கீழ் நின்றவையும் நிற்பவையும் ஒஸ்ரின் ஏ40, ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ், மொறிஸ் மைனர், மொறிஸ் ஒக்ஸ்போட் ஆகிய ஆங்கிலேயக் கார்களல்லவா, அவற்றை பி.எம்.டபிள்யு என்று சொல்லத் தகுமோ? தகும். அடுத்த பகுதி அதை நிறுவும். நிறுவலுக்கு எடுத்துக்கொண்ட செய்திகள் யாவும் உண்மையானவை. முடிவு மட்டும் சற்றே துணிச்சலானது.

வம்சாவளி

பேர்மிங்காம் நகரை அடுத்த லோங்பிறிட்ஜ் தொழிற்சாலையில் 1922இல் ஒஸ்ரின் 7 என்னும் சிறிய கார் பிறந்தது. அதைத் தன் நாட்டில் செய்து விற்கும் உரிமத்தைப் பெற்ற சேர்மனியின் ஐசெனாக் நகர்த் தொழிற்சாலை ஒன்று, 1927 முதல் டிக்சி என்ற பெயரில் அதைச் செய்துவந்தது. மறு ஆண்டே அத்தொழிற்சாலையை பி.எம்.டபிள்யு விலைக்கு வாங்கிற்று. அதுவரை அந்த நிறுவனம் விமான எஞ்சினும் மோட்டார் சைக்கிளும் செய்ததேயன்றிக் கார் செய்ததில்லை. ஆகவே உலகின் முதலாவது பி.எம்.டபிள்யு கார், சேர்மன் சின்னம் குத்திய ஓர் ஒஸ்ரின் ஆகும். இதை பி.எம்.டபிள்யு நிறுவனமே மறுப்பதில்லை.

எதிர்த்திசைச் சான்று இன்னும் வலுவானது. ஒஸ்ரினும் மொறிசும் 1952இல் ஒன்றாகின. ஒன்றானது பலமுறை பெயர் மாறி றோவர் குழுமமாகியது. அதை 1994இல் பி.எம்.டபிள்யு வாங்கிற்று. பேரன் பாட்டனைத் தத்தெடுத்த கதை இதுவே. யாழ்ப்பாணத்தவரின் சொத்துரிமையை ஒல்லாந்தர் 1707இல் எழுத்தில் தொகுத்த தேசவழமைச் சட்டத்தின் கண்கொண்டு நோக்கினால், ஒஸ்ரின் பி.எம்.டபிள்யுவுக்கு முன்னோர் வழிவந்த முதுசமா, தானே ஈட்டிய தேடியதேட்டமா என்பது நீதிமன்றத்தில் நெடுநாள் இழுபடத்தக்க கேள்வி. 1928ஐ ஆதாரமாகக் கொண்டால் முதுசம். 1994ஐக் கொண்டால் தேடியதேட்டம். சீதனம் அல்ல என்பது மட்டும் உறுதி, ஏனெனில் காசு கொடுத்தவர் மாப்பிள்ளை.

தேட்டம் நிலைக்கவில்லை. 2000ஆம் ஆண்டில் பி.எம்.டபிள்யு அந்தக் கார்த் தொழிலைப் பத்துப் பவுணுக்கு விற்றது. லோங்பிறிட்ஜ் தொழிற்சாலையும் ஒஸ்ரின், மொறிஸ் என்னும் பெயர்களும் அத்தோடு கைமாறின. ஐந்தாண்டில் வாங்கியவரும் நொடித்துப்போக, பெயர்கள் சீனத்துக்குப் போய்ச் சேர்ந்தன. இதை வைத்து ஏ40ஐச் சீனக் கார் என வாதிடலாம். ஆனால் கொட்டிலில் ஒரு ஏ40ஐ வைத்திருக்கும் எவர் முகத்துக்கு முன்னும் அவ்வாதத்தைச் சொல்லிப் பார்த்தவர் இல்லை.

மொறிஸ் வகையில் வழக்கு இன்னும் எளிது. ஒக்ஸ்போட்டை அடுத்த கௌலித் தொழிற்சாலையைப் பத்துப் பவுண் விற்பனையில் பி.எம்.டபிள்யு விட்டுக்கொடுக்கவில்லை, மினிக் கார்களை இன்றும் அங்கே செய்கிறது. மொறிஸ் மைனர் 1948 முதல் பிறந்த ஊரும் கௌலிதான். போதாக்குறைக்கு, மைனரை வரைந்த அலெக் இசிகோனிசும், றோவரை வாங்கிய காலத்தில் பி.எம்.டபிள்யுவின் தலைவராயிருந்த பேண்ட் பிசெற்ஸ்றீடரும் இரத்த உறவினர். ஊரும் ஒன்று, சொந்தமும் உண்டு என்று தெரிந்தபின் யாழ்ப்பாணத்தில் எவரும் மேற்கொண்டு சான்று கேட்பதில்லை. நிறுவல் முற்றிற்று.

வாழிடமும் பரம்பலும்

இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது பிரித்தானியாவிடம் கடன் இருந்தது, டொலர் இல்லை. கூடுதலாக ஏற்றுமதி செய்யும் தொழிற்சாலைக்கே உருக்குப் பங்கீட்டில் முன்னுரிமை என்று அரசு விதித்தது. 1947இல் வெளிவந்த ஏ40 இவ்வாறு கடல் கடப்பதற்கென்றே செய்யப்பட்ட கார். நாலு கதவு வைத்தது டெவன், இரண்டு கதவு வைத்தது டோசெற். 1952 முதல் 1954 வரை வந்தது சோமசெற். மூன்றும் இங்கிலாந்தின் மாவட்டப் பெயர்கள். 1954இல் தொடங்கிய அடுத்த வகைக்குக் கேம்பிறிட்ஜ் என்று பெயரிட்டமை, பிள்ளையைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பும் கனவோடு வாழ்ந்த சமூகத்தில் அதன் விற்பனைக்குத் தீங்கு செய்திருக்க முடியாது.

புங்குடுதீவாரிற் பலர் தென்னிலங்கை நகரங்களில் கடை வைத்துப் பொருள் தேடியவர்கள். தேடிய பொருளை ஊரில் காட்டுவதற்கு வீடு, கோயில் திருப்பணி, கார் என மூன்று வழிகள் இருந்தன. முதலிரண்டும் ஓடா. மூன்றாவதுக்கு வேலணையிலிருந்து தீவுக்குள் வர வாணர் தாம்போதி வேண்டியிருந்தது. அத்தாம்போதிக்கு முந்திய காலத்துப் புங்குடுதீவின் கார் வரலாற்றை எழுத ஒரு பக்கம் தாராளம். பிந்திய காலத்தில் மடத்துவெளி, நயினாதீவு அம்மனிடம் செல்லக் குறிகட்டுவானுக்குப் போகும் அடியாருக்கும், மாப்பிள்ளை ஊர்வலத்துக்கும், பெரியாஸ்பத்திரிக்குப் போகும் பிரசவ வலிக்கும் கார் ஓடும் வழித்தடத்தில் அமைந்தது. நெடுந்தீவுக்கும் நயினாதீவுக்கும் பாலமில்லை. அங்கே காரின் பரம்பல் படகின் கொள்ளளவைப் பொறுத்தது, எனவே இவ்வாராய்ச்சி குறிகட்டுவான் இறங்குதுறையோடு நின்றுவிடுகிறது.

வயதறியும் முறை இலக்கத் தகட்டிலேயே உண்டு. இ.என்., இ.எல்., இ.வை., சி.வை. என்பன போன்ற ஆங்கில எழுத்துச் சோடி இருந்தால் அது முதற் தலைமுறை. சிங்கள ‘ஸ்ரீ’ எழுத்து இருந்தால் அதற்கு அடுத்தது. அவ்வெழுத்தை எதிர்த்து 1958இல் தமிழர் பகுதிகளில் நடந்த தார்பூச்சையும் தகட்டின் வரலாற்றோடு சேர்த்துப் படிக்க வேண்டும். பல்லைப் பார்த்து மாட்டின் வயது சொல்லத் தெரிந்த ஊரில், தகட்டைப் பார்த்துக் காரின் வயது சொல்வது வித்தையாகக் கருதப்படுவதில்லை.

இக்கார்கள் அழியாது எஞ்சியமைக்கு அன்பே காரணம் என்பது வெளிநாட்டு ஆர்வலர் கொள்கை. அதை ஏற்பதற்கில்லை. 1960களிலும் 70களிலும் இறக்குமதிக் கட்டுப்பாட்டால் புதிய கார் அரிதாகியது. 1977இல் இறக்குமதி தளர்த்தப்பட்டபின் யப்பானியக் கார்கள் தெற்கில் நிறைந்தன. அந்த வெள்ளம் வடக்கை முழுதாக எட்டுமுன் போர் வந்தது. 1990இல் பொருளாதாரத் தடை வந்தது. பின்னர் 2020 மார்ச்சில் நாடு முழுவதற்கும் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியிலேயே மீண்டும் திறந்துவிடப்பட்டது. புதியது வரும் வழி அடைபடும்போதெல்லாம் பழையது ஓர் ஆயுள் நீடிக்கப்பெற்றது. அன்பு இருந்திருக்கலாம்; அதற்குத் தெரிவு செய்யும் வாய்ப்பு இருக்கவில்லை.

தீன்

நூல்களின்படி இக்கார் பெற்றோல் குடிக்கும். 1990 யூன் மாதத்தில் மீண்டும் போர் மூண்டபின் யாழ்ப்பாணத்தில் நூல்களின்படி எதுவும் நடக்கவில்லை. பெற்றோல் தடைப்பட்ட பண்டமாயிற்று. குப்பி விளக்குக்கும் போதாத மண்ணெண்ணெயில் கார் ஓடத் தொடங்கியது.

இது மாயமன்று. எரிபொருளும் காற்றும் கலந்த கலவையை எஞ்சின் எவ்வளவு நெருக்குகிறதோ, அவ்வளவு உயர்ந்த தரப் பெற்றோல் அதற்கு வேண்டும். தரங்குறைந்ததை ஊற்றினால் கலவை நேரகாலமின்றி வெடித்து எஞ்சின் இடிக்கும். பிற்காலக் கார்கள் கலவையைப் பத்து மடங்கும் அதற்கு மேலும் நெருக்குவன. ஏ40 நெருக்குவது ஏழு மடங்கு சொச்சமே. போருக்குப் பிந்திய உலகின் மட்டமான பெற்றோலை மனத்தில் வைத்து லோங்பிறிட்ஜ் பொறியியலாளர் கைக்கொண்ட அந்த அடக்கம், நாற்பதாண்டு கழித்து, அவர்கள் கேள்விப்பட்டிராத ஒரு முற்றுகைக்குள் பயன்பட்டது. பி.எம்.டபிள்யு என்ற சின்னத்தையே தாங்கி அக்காலத்தில் மூனிச்சிலிருந்து புறப்பட்ட எந்தக் காருக்கும் மண்ணெண்ணெய் கொடுத்துப் பார்க்க உரிமையாளர் துணியார். மரபின் இக்கிளையே மூத்தது மட்டுமன்றிப் பொறுமையும் மிக்கது என்பதற்கு இது சான்று.

இங்கிலாந்திலேயே பேர்கசன் உழவு இயந்திரத்தின் ஒரு வகை இத்தகைய எண்ணெயில் ஓடியது. அதற்குத் தொழிற்சாலையே வழிசெய்து கொடுத்தது. தீவகத்தில் வழி செய்தவர் கராஜ் அண்ணைமார். மண்ணெண்ணெய் குளிர்ந்த எஞ்சினில் ஆவியாகாது என்பதுதான் சிக்கல். ஆகவே இரண்டு தாங்கி முறை உருவாயிற்று: பெரிய தாங்கியில் மண்ணெண்ணெய், பொனற்றின் கீழ் ஒரு சிறு போத்தலில் மருந்து போல அளந்த பெற்றோல், இரண்டுக்கும் நடுவே ஒரு திருகுபூட்டு. பெற்றோலில் உயிர்ப்பித்து, எஞ்சின் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்குத் திருப்ப வேண்டும். நிறுத்துவதற்குச் சற்று முன் மறுபடி பெற்றோலுக்குத் திருப்பி, காபரேற்றரில் தங்கிய மண்ணெண்ணெய் எரிந்து தீரவிட வேண்டும். இதை மறந்தவர் அடுத்த நாட் காலை ஸ்ராட்டிங் ஹான்டிலைச் சுழற்றி நினைவுகூர்வார். மறதிக்கு இதனிலும் சிறந்த மருத்துவம் இதுவரை கண்டறியப்படவில்லை.

பக்கவிளைவுகள் மூன்று. எரியாத மண்ணெண்ணெய் வழிந்து எஞ்சின் ஒயிலை நீர்க்கச் செய்யும். அளவுகோலில் ஒயில் குறைவதற்குப் பதில் கூடிவருவதைக் கண்டு மகிழ்பவர் புதியவர். பிளக்கில் கரி கட்டும். மூன்றாவது மணம். அக்காலத்தில் மாப்பிள்ளை, பொம்பிளை, தாலி, கூறைச்சேலை எல்லாவற்றிலும் அந்த மணம் இருந்தபடியால் எவரும் அதைக் குறையாகச் சொல்லவில்லை.

புங்குடுதீவில் இம்முறை நெடுங்காலம் நிலைக்கவில்லை. 1991இல் ஊரே இடம்பெயர்ந்தது. கார் உள்ளவர் காரில் ஏற்ற முடிந்ததை ஏற்றினர். குடாநாட்டில் எஞ்சியோருக்கு 1995 ஒக்ரோபர் 30 இரவு அதே வேலை மீண்டும் வந்தது. அவ்வேளை அக்கார்களின் பெயருரிமை மூனிச்சில் இருந்தது என்பதை ஏற்கெனவே கண்டோம். மூனிச்சுக்கு அது தெரிந்திருக்க நியாயமில்லை.

எரிபொருளின் பிற்கால வரலாறு சுருக்கமானது. 2022 யூலையில் நாடு முழுவதும் எரிபொருளுக்குக் கியூ.ஆர். அட்டை வந்தது, காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர். அட்டை பெற அடிச்சட்ட இலக்கம் கேட்கப்பட்டது. எழுபதாண்டு உப்புக்காற்றுத் தின்ற தகட்டில் அவ்விலக்கத்தைத் தேடி, மண்ணெண்ணெயும் துணியுமாகக் காரின் கீழ் படுத்தவர்கள் உளர். மண்ணெண்ணெய்க்குக் காரில் எஞ்சிய ஒரே உபயோகம் அதுவாயிற்று. ஏனெனில் அவ்வாண்டு ஓகஸ்டில் அதன் விலை லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாகியது.

நோயும் வைத்தியமும்

தீவகக் காரின் தலையாய நோய் துரு. உப்பு, காற்றிலுள்ள ஈரத்தைப் பிடித்து இரும்பின் மேல் வைத்திருக்கும். மழையே இல்லாத மாதத்திலும் கார் நனைந்தபடி இருக்கும் என்பது இதன் பொருள். சோளகம் ஆறு மாதம் ஒரு பக்கத்தைத் தாக்க, வாடை மறுபக்கத்தைத் தாக்கும். ஆண்டுக்கு இருமுறை காரைத் திருப்பி நிறுத்தினால் துரு சமமாகப் பரவும் என்று ஒரு சாராரும், ஒரே பக்கம் நிறுத்தினால் ஒரு பக்கக் கதவையாவது காப்பாற்றலாம் என்று மறுசாராரும் கூறுவர். இரு சாராருடைய கார்களையும் அருகருகே நிறுத்தி நோக்குமிடத்து, வேறுபாடு கருத்தளவிலேயே உள்ளது.

வகைவேறுபாடு முக்கியமானது. டெவனுக்கும் சோமசெற்றுக்கும் தனி அடிச்சட்டம் உண்டு; பொடி அதன்மேல் இருத்தி வைக்கப்பட்டது. பொடி ஓட்டையாகி, கால் வைக்கும் தட்டினூடாகத் தாம்போதியைப் பார்க்க முடிந்தாலும், கார் ஓடும். மைனருக்கும் கேம்பிறிட்ஜுக்கும் பொடியே சட்டம். அதில் துரு விழுந்தால் முதுகெலும்பில் விழுந்தது. மைனரின் ரவலர் வகைக்குப் பின்பாதி மரச்சட்டத்தால் ஆனது. மோட்டார் வாகனங்களுள் கறையானுக்கும் பயப்படவேண்டிய அரிய வகை அது.

இரண்டாவது நோய் தண்ணீரால் வருவது. புங்குடுதீவின் கிணறுகளிற் பல சவர். குடிதண்ணீருக்கே பவுசரை எதிர்பார்க்கும் ஊரில் றேடியேற்றருக்கு நன்னீர் ஊற்றுவது குடும்பத்தில் வாக்குவாதத்துக்குரிய விடயம். சவர்த் தண்ணீர் ஊற்றினால் குழாய்களில் படிவு கட்டும். படிவு கட்டினால் மண்கும்பானுக்கும் அல்லைப்பிட்டிக்கும் இடையில் மூடியிலிருந்து ஆவி பறக்கும். பண்ணைக் கடலில் கண்ணுக்கெட்டியவரை தண்ணீர் இருக்க, ஒரு வாளி தண்ணீர் தேடி வீடுவீடாகப் போகும் சாரதியின் நிலை எந்த நூலிலும் போதிய அளவு ஆராயப்படவில்லை.

மின்சாரப் பகுதியில் ஒரு பொறி உண்டு. இக்காலக் கார்களில் பற்றறியின் எதிர்முனை பொடியோடு பூட்டப்படும், இக்கார்களில் நேர்முனை. உலகம் பின்னர் கட்சி மாறிவிட்டது; ஏ40 மாறவில்லை. வெளிநாட்டிலிருந்து வந்த மருமகன் கைத்தொலைபேசிக்கு மின்னூட்ட வயர் இழுத்துத் தருவதாக முன்வந்தால் அவரை அன்போடு தடுக்க வேண்டும். கதவுத் தூணிலிருந்து நாக்குப் போல வெளியே நீளும் கைகாட்டியைச் சரிக்கட்டும் வேலையைக் கொடுக்கலாம். அது வேலை செய்தாலும் பின்னால் வரும் ஓட்டோக்காரர் அதன் பொருளை அறியார். ஆகவே சாரதி கையையும் சேர்த்து நீட்டுவார்.

உதிரிப்பாகத்துக்கு வரலாறு ஒரு சலுகை செய்தது. மொறிஸ் ஒக்ஸ்போட்டின் மூன்றாம் வரிசையே இந்தியாவில் 1957 முதல் அம்பாசிடராகி, 2014 மே வரை உற்பத்தியானது. கேம்பிறிட்ஜின் 1489 கன சென்ரிமீற்றர் எஞ்சினும் பழைய அம்பாசிடரின் பெற்றோல் எஞ்சினும் ஒரே குடும்பம். இங்கிலாந்து எப்போதோ கைவிட்ட காஸ்கற்றும் பிஸ்ரனும் பாக்குநீரிணைக்கு அப்பால் புதிதாகச் செய்யப்பட்டுக்கொண்டிருந்தன என்பது இதன் பொருள். ஏ40 காரருக்கு இச்சலுகை இல்லை. அவரிடம் ஒரு காரை ஓட்ட இன்னும் ஒரு கார் வளவில் நிற்கும். நிற்பதிலிருந்து கழற்றி ஓடுவதற்குப் பூட்டுவர். நாளடைவில் எது எதுவென்று மயக்கம் ஏற்படுவது இயல்பு.

வைத்தியரைப் பற்றியும் சொல்ல வேண்டும். இக்கார்களை அறிந்த மேஸ்திரிமார் எவரும் அவற்றை நூலில் படித்தவரல்லர். கராஜில் சிறுவனாய்ச் சேர்ந்து, பல்லுச்சாவி எடுத்துக் கொடுத்து, ஏச்சு வாங்கிப் படித்தவர்கள். ஆங்கிலேய அளவுச் சாவிகள் அவர்கள் பெட்டியில் மட்டும் உண்டு. மில்லிமீற்றர்ச் சாவியோடு வரும் இளைஞர் நட்டின் மூலைகளை உருட்டிவிட்டுப் போவர். மேஸ்திரி பொனற்றைத் திறக்குமுன் காதைக் கொடுப்பார். பின் “தம்பி, இதை வச்சிரு, ஓடாதை” என்பார், அல்லது “ஓடு, ஆனா இதைத் திறக்காதை” என்பார். மூன்றாவது தீர்ப்பு அரிது. கூலியை அவர் சொல்வதில்லை. உரிமையாளர் கொடுப்பதை அவர் பார்ப்பதுமில்லை. ஆனால் அடுத்த முறை வரும் வேகத்தில் கணக்குத் தெரியும். கார்களைவிட மேஸ்திரிமார் அருகிவருவதே இன்று கவலைக்குரியது. மேஸ்திரிக்கு உதிரிப்பாகம் இல்லை.

உருமாற்றம்

பழைய எஞ்சின் முற்றாகக் களைத்தால் யப்பானிய டீசல் எஞ்சினைப் பொருத்துவோர் உண்டு. அப்போது கியர்பொக்ஸும் பொருந்தாது, அதுவும் மாறும், பின் அச்சு மாறும், பிறேக் மாறும். எஞ்சுவது பொடியும் பெயர்ப்பலகையும். இது இன்னும் ஏ40தானா? விடைக்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை; குறிகட்டுவானிலிருந்து பார்த்தால் தெரியும் நயினாதீவில் பௌத்தரின் நாகவிகாரை இருக்கிறது. பௌத்தரின் மிலிந்த பன்ஹா என்னும் நூலில் நாகசேன தேரர் மிலிந்த மன்னனிடம் இதே கேள்வியைத் தேரை வைத்துக் கேட்டார். அச்சா தேர், சில்லா தேர், நுகமா தேர் என்று ஒவ்வொன்றாய் வினவி, எதுவுமில்லை என்று மன்னன் சொல்ல, தேர் என்பது இவை கூடியவிடத்து இடும் பெயர் மட்டுமே என்று மன்னனைக் கொண்டே சொல்வித்தார். தேரர் காட்டியது தத்துவத்துக்குப் போதும். மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்குப் போதாது; எஞ்சின் இலக்கம் மாறினால் அதற்கு அறிவித்தே ஆகவேண்டும்.

காப்புறுதி

1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் போக்குவரத்துச் சட்டம், காப்புறுதியில்லாத வாகனம் தெருவில் ஏறக்கூடாது என்கிறது. சட்டமும் சோமசெற்றும் ஏறக்குறைய ஒத்த வயதினர். சட்டம் கேட்பது மூன்றாம் தரப்புக் காப்புறுதியை மட்டுமே. அதாவது, இக்காரால் மற்றவருக்கு நேரும் கேட்டுக்கு ஈடு உண்டு. காருக்கு நேரும் கேட்டுக்கு இல்லை. ஆண்டுதோறும் வரி அனுமதிப்பத்திரம் எடுக்க வேலணைப் பிரதேச செயலகத்துக்குப் போவோர் காட்டுவதும் பெரும்பாலும் இதனையே. இதன் உட்பொருளை நோக்கின், காரால் உலகத்துக்கு ஆபத்து உண்டு என்று அரசு கருதுகிறது. உலகத்தால் காருக்கு ஆபத்து என்பதை உரிமையாளர் தம் பொறுப்பில் விட்டுள்ளது.

முழுக் காப்புறுதி கேட்டால் ஆராய்ச்சிக்குரிய இடர்ப்பாடு தொடங்கும். காப்புறுதியின் அடிப்படை ஈட்டுத் தத்துவம்: கெட்டதற்கு முன்பிருந்த நிலைக்கு உடையவரைக் கொண்டுவர வேண்டும், அதற்கு மேலும் கூடாது, கீழும் கூடாது. ஏ40இன் முன்பிருந்த நிலை எது? 1953இல் கப்பலால் இறங்கிய நிலையா, 1993இல் மண்ணெண்ணெய் குடித்த நிலையா, போன கிழமை ரிங்கர் வேலை முடிந்து நிறம் அடித்த நிலையா? மதிப்பீட்டாளர் சந்தை விலையைக் கேட்பார். சந்தை என்பது வாங்குவோரும் விற்போரும் கூடுமிடம். இங்கே வாங்குவோர் உண்டு. தேய்மானக் கணக்குப்படி ஆண்டுதோறும் நூற்றுக்கு இவ்வளவு கழித்தால் காரின் பெறுமதி ஒரு சோடா விலைக்கு இறங்கும். ரொறன்ரோவிலிருந்து வந்து கல்யாணப் படமெடுக்கக் கேட்பவர் சொல்லும் விலையைக் கொண்டால் ஒரு பரப்புக் காணியைத் தாண்டும்.

கட்டுப்பணம் கூடும் என்று அஞ்சிக் குறைந்த பெறுமதிக்குக் காப்புறுதி செய்வோர் சராசரி விதியை அறிந்திருக்க வேண்டும். 20 இலட்சம் ரூபா பெறுமதியான காரை 10 இலட்சத்துக்குக் காப்புறுதி செய்து, விபத்தில் 2 இலட்சம் ரூபா சேதமானால், நிறுவனம் தரக்கூடியது 1 இலட்சமே. ஏனெனில் மற்றப் பாதிக்கு உடையவரே காப்புறுதிகாரர். அதற்கு மேல், மாற்றும் புதிய பாகத்துக்குத் தேய்மானக் கழிவு உண்டு. இங்கே ஓர் அரிய விளைவு தோன்றும். ஏ40க்குப் பூட்டும் ‘புதிய’ பாகம் இன்னொரு ஏ40இலிருந்து கழற்றியது, வயது எழுபது. எழுபது வயதுப் பாகத்தை எழுபது வயதுப் பாகத்தால் மாற்றும்போது உடையவர் அடைந்த இலாபம் யாது என்பதைக் கணக்கிட எந்த அட்டவணையும் இடங்கொடாது. மேஸ்திரியின் கூலிக்குப் பற்றுச்சீட்டு வேண்டுமென்றால் மேஸ்திரி சிரிப்பார்.

பிரித்தானியாவில் இதற்கு வழி கண்டுள்ளனர். பழைய காருக்கென்று தனிப் பத்திரம் உண்டு. பெறுமதியை இரு தரப்பும் முன்கூட்டியே பேசி ஒப்புக்கொள்வர். பதிலுக்கு ஆண்டில் இத்தனை மைலுக்கு மேல் ஓடேன், இரவில் பூட்டிய கொட்டிலில் வைப்பேன் என்று உடையவர் உறுதி கூறுவர். கட்டுப்பணம் குறைவு, ஏனெனில் தன் காரை இப்படி நேசிப்பவர் அதை வெளியே எடுக்கமாட்டார் என்பது நிறுவனத்தின் துணிபு. இதே துணிபை மடத்துவெளிக்கும் பொருத்தலாம். முருகன் கோயில் கொடியேறும் நாட்களையும் இரண்டு மூன்று கல்யாணங்களையும் கழித்தால் எஞ்சிய நாளெல்லாம் கார் கொட்டிலிலேயே நிற்கும். ஓடும்போதும் அதன் வேகத்தில் ஆடுகளுக்கு விலக நேரமிருக்கும். அதே குடும்பத்தின் பிள்ளை ரொறன்ரோவில் மெய்யான பி.எம்.டபிள்யு ஓட்டிக் கட்டும் கட்டுப்பணத்தோடு ஒப்பிடுமிடத்து, வம்சத்தில் மூத்தவர்க்கே செலவு குறைவு.

போர் என்பது எந்தச் சாதாரணப் பத்திரத்திலும் விலக்கப்பட்ட ஆபத்து. இவ்வினத்தின் உறுப்புகளிற் பல எந்த ஆபத்தால் அழிந்தனவோ அது பத்திரத்துக்கு வெளியே நின்றது. எனவே அவ்வகையில் இழப்பீட்டுக் கோரிக்கைகள் குறைவு.

உரிமை

கடைசியாக, கார் யாருடையது என்ற கேள்வி. பதிவுப் புத்தகத்தில் உள்ள பெயர் பெரும்பாலும் காலஞ்சென்ற ஒருவருடையது. சில கார்கள் ஓப்பின் பேப்பரில், அதாவது திகதியிடாத கையொப்பத்தோடு, பல கை மாறியவை. அக்கையொப்பத்தை இட்டவரும் இன்று இல்லை. சட்டப்படியான உரித்தாளர்கள் சூரிச், பரிஸ், இலண்டன், ரொறன்ரோ ஆகிய நான்கு நகரங்களில் பரந்துள்ளனர். கார் கொழும்புத்துறையிலோ மடத்துவெளியிலோ சித்தப்பா ஒருவரின் பொறுப்பில் உள்ளது. பெயரை மாற்ற வேண்டுமாயின் மரணச் சான்றிதழ், உரித்தாளரின் இணக்கம், வரி அனுமதிப்பத்திரம், காப்புறுதிச் சான்றிதழ் ஆகியவற்றோடு திணைக்களத்துக்குப் போக வேண்டும். காப்புறுதிச் சான்றிதழ் பெற, காப்புறுதி செய்பவருக்குக் காரில் நலன் உண்டு என்று காட்ட வேண்டும். நலனைக் காட்டப் பெயர் மாற்றியிருக்க வேண்டும். நடைமுறையில் சித்தப்பாமார் இதைத் தீர்க்கும் வழி எளிது: காலஞ்சென்றவர் பெயரிலேயே ஆண்டுதோறும் பணத்தைக் கட்டிவிட்டு, பற்றுச்சீட்டை டாஷ்போட் பெட்டிக்குள் வைத்து மூடுவர். மூடி பூட்டுவதில்லை; அதற்கு ஒரு றப்பர் வளையம் போட்டிருக்கும்.